வாய் இல்லாத பருப்பு

அவையோருக்கு வணக்கம். சாவு வீட்டைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு, முதலில் வடையும் தேநீரும் கொடுத்துவிட்டீர்கள். பரவாயில்லை, நானும் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

யூதர்களிடையே அடக்கம் முடிந்து வீடு திரும்பியவர்கள் முதல் வேளையில் தங்கள் சொந்தச் சோற்றைச் சாப்பிடக் கூடாது. அண்டை வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். அவித்த முட்டை கொண்டுவருவார்கள், அல்லது மைசூர்ப் பருப்பு. ஏன் பருப்பு? மற்றப் பயறுகளுக்கு ஒரு பிளவு இருக்கும், வாய் மாதிரி; இந்தப் பருப்புக்கு வாய் இல்லை. துக்கத்தில் இருப்பவனுக்கும் வாய் இல்லை என்கிறது யூதர்களின் சட்ட விளக்க நூலான தால்முத்.

நியூயார்க்கிலோ லண்டனிலோ ஒரு யூதரின் அடக்கத்துக்குப் போய்வந்தவர்கள், "யாருமே வாய்விட்டு அழவில்லை" என்று வியப்பார்கள். பருப்புக் கதையைக் கேட்டால், மதமே அப்படித்தான் போலிருக்கிறது என்று தோன்றும். அப்படியில்லை. துக்கக்காரனுக்கு வாய் இல்லை என்றால், அவனுக்காக வாய் திறக்க ஆள் வேண்டும் அல்லவா? ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் ரபி யூதா என்ற மதகுரு ஒரு கணக்குச் சொல்கிறார்: மனைவி இறந்தால், பரம ஏழையானாலும் இரண்டு குழலுக்கும் ஓர் ஒப்பாரிக்காரிக்கும் குறையக் கூடாது. கல்யாணத்துக்கு மேளம் பேசுவதுபோல் சாவுக்குக் குழல் பேசியிருக்கிறார்கள்! எல்லாரும் ஒன்றாக ஓலமிடுவது ஒரு வகை. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது இன்னொரு வகை. அதற்கும் இதற்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்பே எரேமியா தீர்க்கதரிசி, புலம்பல்காரிகளைக் கூப்பிடுங்கள், நம் கண்களில் நீர் ஓடட்டும் என்கிறார். தானாக வராத கண்ணீரை வரவழைத்துக் கொடுப்பது அந்தப் பெண்களின் தொழில்.

எதற்கு எல்லை கட்டினார்கள் என்றால், உடம்புக்கு. செத்தவருக்காக மேனியைக் கீறிக்கொள்ளாதே என்று விவிலியத்தின் உபாகமம் தடுக்கிறது. துணியைக் கிழித்துக்கொள்ளலாம், கிழிக்கத்தான் வேண்டும். நின்றுகொண்டுதான் கிழிக்க வேண்டும். ஒருவர் சட்டையின் கழுத்தோரத்தில் கத்தியால் சிறிது வெட்டிவிடுவார். மிச்சத்தைத் துக்கக்காரர் தம் கையாலேயே நான்கு விரற்கடை அளவுக்குக் கிழித்து இறக்குவார். உடன்பிறந்தார், துணை, பிள்ளை என்றால் வலப்பக்கம். முப்பது நாள் கழிந்தால் சரியாகத் தைத்துக்கொள்ளலாம். தாய் தந்தை என்றால் இதயத்தின் மேல், இடப்பக்கம். முப்பது நாளுக்குப் பிறகு அதை ஒப்புக்கு நூலோட்டிச் சேர்க்கலாமே தவிர, கிழிசல் தெரியாதபடி தைக்க ஒருநாளும் அனுமதி இல்லை. அமெரிக்காவில் பலர் சட்டையை விட்டுவிட்டு, ஒரு கறுப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டு அதை வெட்டுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. துணி கிழியும் அந்தச் சத்தம் ரிப்பனில் எங்கிருந்து வரும்?

சரி, ஒப்பாரிக்காரி எங்கே போனாள்? கிழக்கு ஐரோப்பாவில், ஜெர்மன் சாயலுள்ள யூத மொழியான இத்திஷ் பேசிய ஊர்களில் அவள் நெடுங்காலம் இருந்தாள். 'க்ளோகெரின்' என்று பெயர். ஜெர்மானிய நாடுகளிலோ 19-ஆம் நூற்றாண்டில் யூதத் தொழுகைக்கூடங்களுக்கு ஒழுங்குவிதிகள் எழுதினார்கள். சத்தம் அநாகரிகம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலையும் அதில் உண்டு. இன்று நாம் யூத அமைதி என்று சொல்வதில் பெரும்பகுதி இப்படி வந்துசேர்ந்ததுதான் என்பது என் கருத்து.

ஏமனில் அந்தக் கவலை இருக்கவில்லை. 1949-50-இல் விமானங்களில் ஏறத்தாழ 50,000 ஏமன் யூதர்கள் இஸ்ரேலுக்கு வந்தபோது, ஒப்பாரியும் கூடவே வந்தது. துக்கம் காக்கும் ஏழு நாள் ஒரே சட்டப்படிதான்: தாழ்ந்த இருக்கை, வந்தவர் முதலில் பேசக் கூடாது. ஐரோப்பிய வழியினர் வீட்டில் விருந்தாளி அந்த மௌனத்தில் உட்கார்ந்திருப்பார். ஏமன் வீட்டில் பெண்கள் கூடும் அறையில் ஒரு கிழவி மெல்லத் தொடங்குவாள். இறந்தவர் பட்ட பாட்டை, பெற்ற பிள்ளைகளை, விட்டுவந்த ஊரை அங்கேயே கட்டிப் பாடுவாள்.

பாடுவது அவர்களுடைய அரபு மொழியில். பேத்திகளுக்கு ஹீப்ரு மட்டுமே தெரியும். சொல் விளங்காமல், கிழவியின் குரல் ஏறும் இடத்தில் அவர்களும் அழுகிறார்கள்.