புத்தகத்தை மூடிய பிறகு நடக்கும் படிப்பு

(குன்னூரில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மஞ்சூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும், மலையின் அந்தக் கோடியான பந்தலூரிலிருந்தும் இந்தக் குளிரில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். மூளையைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்ததில் நம் வகுப்பறைக்கு எது உதவும், எது உதவாது என்பதுதான் இன்றைய பேச்சு.

உதவாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது காசு பிடுங்குகிறது. சில வருடங்களுக்கு முன்னால் 'மிட் பிரெயின் ஆக்டிவேஷன்' என்று ஊர் ஊராக வகுப்பு நடந்தது. பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டுப் புத்தகம் படிக்கச் சொல்வார்கள். பிள்ளைகளும் படிப்பார்கள். மூக்கை ஒட்டித் துணிக்குக் கீழே தெரிகிற சின்ன இடைவெளியை அடைத்துவிட்டால் அந்தத் திறமை நின்றுவிடும். நடுமூளை என்று ஒரு பகுதி உண்மையிலேயே உண்டு. அது நம் எல்லோருக்கும் பிறந்த நாளிலிருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் பணம் வாங்கிக்கொண்டு அதைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. கூலி வேலை செய்து சேர்த்த பணத்தை இதற்குக் கொடுத்த பெற்றோரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர்கள் யோசனை கேட்டு முதலில் வருவது உங்களிடம்தான். தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

'மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம்' என்பதும் அதே வகைதான். வளர்ந்த மனிதருடைய மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. பெரும்பகுதி சும்மா கிடக்கும் ஓர் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு தீனி போடாது. இந்த 20 சதவீதம் என்ற எண்ணை வெறும் வயிற்றோடு எஸ்டேட் லைனிலிருந்து நடந்து வரும் குழந்தையோடு சேர்த்துப் பாருங்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நான் கல்வித் திட்டமாகவே பார்க்கிறேன். அந்த உப்புமாவும் கிச்சடியும் முதல் பீரியடின் ஒரு பகுதி.

இன்னொன்று, 'இவன் கண்ணால் படிக்கிறவன், இவள் காதால் படிக்கிறவள்' என்று பிள்ளைகளைப் பிரிப்பது. 2008இல் நான்கு உளவியலாளர்கள் இதைப் பற்றி வந்த ஆய்வுகளை அலசினார்கள். அப்படிப் பிரித்துப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். படமும் எல்லோருக்கும் வேண்டும், பேச்சும் எல்லோருக்கும் வேண்டும். குழந்தையின் நெற்றியில் முத்திரை குத்தாதீர்கள்.

ஜான் புரூயர் என்ற அமெரிக்க அறிஞர் 1997இல் ஒரு கட்டுரை எழுதினார். நரம்பணுவிலிருந்து நேராக வகுப்பறைக்குப் பாலம் கட்ட முடியாது, நடுவில் மனத்தைப் பற்றிய அறிவியல் ஒன்று இருக்கிறது, அதன் வழியாகத்தான் வர முடியும் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஸ்கேனில் ஓர் இடம் சிவப்பாகத் தெரிந்தால் நாளைக் காலை நான் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, ஒரு வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் சொல்லும்.

அப்படிப்பட்ட ஆய்வு ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்தது. மாணவர்களுக்கு ஒரு சின்ன அறிவியல் பகுதியைக் கொடுத்து, நான்கு சுற்று நேரம் விட்டார்கள்; படிக்கும் சுற்றில் நேரம் முடியும் வரை அதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஒரு குழு நான்கு சுற்றும் அதைப் படித்தது, மொத்தத்தில் சராசரியாக 14 முறை. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்தது, சராசரியாக மூன்றரை முறைக்கும் குறைவு. மீதி மூன்று சுற்றும் தாளைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ். படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61.

இதில் நம்மை யோசிக்க வைக்க வேண்டியது வேறொன்று. எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது. படிக்கப் படிக்க வரி பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. 'நல்லாப் படிச்சேன் சார், பரீட்சையில மறந்து போச்சு' என்று நம் பிள்ளைகள் சொல்வது பொய் இல்லை. நிஜமாகவே படித்தார்கள். உள்ளே போட்டார்கள், வெளியே எடுத்துப் பழகவில்லை. நினைவு பலப்படுவது வெளியே எடுக்கும்போதுதான்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியை இதை எப்படிச் செய்கிறார் என்று பார்த்தேன். ஏழாம் வகுப்பு, அறிவியல். உள்ளே வந்ததும் 'புத்தகத்தை மூடுங்க, நோட்டுல ஒரு வெறும் பக்கம் எடுங்க, போன வாரம் இலையைப் பத்திப் படிச்சது என்னென்ன ஞாபகம் இருக்கோ எழுதுங்க, மார்க் கிடையாது' என்றார். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பையன் 'இலை சாப்பாடு செய்யும், வெயில் வேணும், தண்ணி வேணும்' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தேயிலைக் காட்டைப் பார்த்தபடி இருந்தான். அவர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, பக்கத்துப் பிள்ளையின் நோட்டோடு ஒப்பிடச் சொன்னார். அந்தப் பெண் கார்பன் டை ஆக்சைடை எழுதியிருந்தாள். ஆனால் தண்ணீரை விட்டிருந்தாள். இருவரும் வேறு நிறப் பேனாவால் விட்டதைச் சேர்த்தார்கள். கடைசியில் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தார்கள். ஏழெட்டு நிமிட வேலை. எந்தப் பிள்ளைக்கு எங்கே ஓட்டை என்று அந்த ஆசிரியைக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மார்க் கிடையாது என்ற அந்தச் சொல் முக்கியம். இது பரீட்சை இல்லை, பயிற்சி. பயம் சேர்ந்துவிட்டால் தெரிந்ததும் வாயில் வராது.

அடுத்தது இடைவெளி. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, மறதியின் கணக்கை 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மறதி வேகமாக நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது. கொஞ்சம் மறந்த பிறகு சிரமப்பட்டு மீட்டால் அது நிலைக்கிறது. ஒரு வருடத்துக்குப் பிறகு தேவைப்படும் விஷயம் என்றால், முதல் படிப்புக்கும் திருப்புதலுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வாரம் விடுவது நல்ல பலன் தருகிறது என்று 2008இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. கூடலூர், தேவாலாப் பக்கத்து ஆசிரியர்கள் மழை விடுமுறையை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் பள்ளி திறந்ததும் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்த ஆரம்பிக்காதீர்கள். முதல் நாள் வெறும் பக்கத்தைக் கொடுங்கள். அந்த இடைவெளி உங்களுக்கு வேலை செய்திருக்கும்.

இப்போது இந்த மலைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக் கையாளக்கூடியவை மிகக் குறைவு. நெல்சன் கோவன் என்ற ஆய்வாளர் 2001இல் போட்ட கணக்குப்படி நான்கு உருப்படி அளவுதான். நம் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வீட்டில் படக மொழி பேசும் பிள்ளை, பணியர் மொழி பேசும் பிள்ளை, காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் வீட்டுப் பிள்ளைகள், கூடலூர்ப் பக்கம் மலையாளம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் தமிழ். இவர்கள் முன்னால் நாம் கரும்பலகையில் எழுதுகிறோம்: 'ஒரு வணிகர் கொள்முதல் செய்த பொருளை 10 சதவீத இலாபத்திற்கு விற்பனை செய்தார் எனில்...'. அந்த நான்கு இடத்தில் இரண்டை 'கொள்முதல்' என்ற சொல்லே பிடித்துக்கொள்கிறது, இன்னொன்றை 'எனில்' பிடித்துக்கொள்கிறது. கணக்குக்கு மிஞ்சுவது என்ன? 'இவனுக்குக் கணக்கு வராது' என்று எழுதிவிடுகிறோம். அதே பிள்ளையிடம், பச்சை இலை கிலோ 20 ரூபாய் என்று போன வாரம் எடுத்தார்கள், இந்த வாரம் பத்து சதவீதம் கூட்டியிருக்கிறார்கள், உங்கள் அம்மா 30 கிலோ போட்டால் எவ்வளவு வரும் என்று கேட்டுப் பாருங்கள். பாடநூல் சொல்லும் வேண்டும்தான், அது பிறகு வரட்டும். முதலில் பக்கத்தில் இருப்பவனிடம் வீட்டு மொழியில் சொல்லிப் பார்க்க விடுங்கள். அதைச் சத்தம் என்று நினைத்து அடக்காதீர்கள்.

'சின்ன வயசுல விட்டாச்சு, இனிமே எங்க ஏறப்போகுது' என்ற பேச்சும் உண்டு. குழந்தைப் பருவத்தில் மூளையில் நரம்பு இணைப்புகள் ஏராளமாக முளைக்கின்றன, பிறகு பயன்படாதவை வளரிளம் பருவம் வரை கழிக்கப்படுகின்றன. இதைக் கேட்டதும் எல்லாம் மூன்று வயதோடு முடிந்தது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியைப் பார்த்து யாராவது தோட்டம் அழிந்தது என்று சொல்வார்களா? லக்னோ அருகே உள்ள கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத, சுமார் முப்பது வயதுப் பெண்களுக்கு ஆறு மாதம் எழுத்து கற்றுக் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில், மூளையின் மேற்பரப்பில் மட்டுமல்ல, உள் ஆழத்திலும் மாற்றம் தெரிந்தது. கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா கையெழுத்துப் போடப் பழக வந்தால், அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பகலில் கற்றது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. பதின்ம வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை இரவு பதினொன்று வரை படிக்கவைத்து விடியற்காலை நான்குக்கு எழுப்பும் வழக்கத்தை, பெற்றோர் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுங்கள்.

பேச்சு முடிந்ததும் ஓர் ஆசிரியர் எழுந்து, 'சிலபஸ் முடிக்கவே நேரம் பத்தலை, இதுல ஏழெட்டு நிமிஷம் எங்க சார் போறது?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான்: கரும்பலகையிலிருந்து வினா விடையைப் பார்த்து எழுதும் நேரத்திலிருந்து எடுங்கள். அங்கே பிள்ளையின் கைதான் வேலை செய்கிறது. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரு மாதம் மட்டும் மாற்றிப் பாருங்கள். மாத முடிவில், சொல்லி வைக்காமல், பழைய பாடத்தில் பத்துக் கேள்வி கேளுங்கள். எழுதிக் குவித்த வகுப்பையும் நினைவிலிருந்து எடுத்த வகுப்பையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். அவர் நோட்டில் குறித்துக்கொண்டு, 'எட்டாவதுல ஆரம்பிக்கலாமா, ஆறாவதுலயா?' என்று கேட்டார். ஆறாவதில் என்றேன்.