கணக்குக் கொப்பி யார் கையில்?

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் குளக்கட்டில் இருந்து பேசுகிறேன். வாடைக்காற்று பலமாக அடிக்கிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிகிற பள்ளம்தான் எங்கள் ஊர்க் குளம். அந்த மூலையில் கிடக்கிற செங்கல்லும் சீமெந்துக் கட்டியும் யாரோ இரவோடு இரவாக உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து கொட்டியவை.

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, நாங்கள் எட்டுப் பேர்தான் இருக்கிறோம். மற்றச் சங்கங்களை எப்படிச் சேர்ப்பது?" இந்தக் குளத்தைக் காப்பாற்ற நாங்கள் ஆறு பேரோடு தொடங்கினோம். பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் துண்டுப்பிரசுரத்தில் "குளம் காக்கும் கூட்டணி" என்று பெரிய எழுத்தில் அடித்தோம். யாழ்ப்பாணத்தில் கூட்டணி என்றால் மக்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கடைக்கார ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "தம்பி, எலக்சன் வருகுதோ?" நாற்பது வீடுகளுக்குக் கொடுத்தோம், மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

வந்த மூன்று பேரும் தாளில் பெயர் எழுதவில்லை. பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டால், இது யார் கைக்குப் போகும் என்று இரண்டு தரம் யோசிக்கிற மண் இது. அதை மறந்தது எங்கள் பிழை. இப்போது நாங்கள் வரவுத்தாள் வைப்பதில்லை. கூட்டத்தில் நானும் கமராவை அணைத்து வைத்துவிடுவேன். வ்லாக் செய்கிறவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்து, கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் போனோம். விடியற்காலை, படகுகள் கரைக்கு வருகிற நேரம். வலையில் இருந்து நண்டைக் கழற்றியபடியே ஒரு அண்ணை துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தார். "குளம் உங்களுடையது. இதில் எங்கள் பிரச்சினை எங்கே இருக்கிறது?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. பிறகு அவர் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தந்தார். நாக்கில் வைத்தால் உவர். குடிக்கிற தண்ணீரைப் பவுசரில் வாங்குகிறார்கள்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. குளத்தை மூடினால் கீழே இறங்குகிற மழைநீர் குறையும். தோட்டங்களில் மோட்டார் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலே ஏறும். அவருடைய வாளிக்கும் எங்கள் குளத்துக்கும் உள்ள தொடர்பு அதுதான். துண்டுப்பிரசுரத்தைத் திருப்பி எழுதினோம்: முதல் வரியில் கரையோரக் கிணறு, குளம் மூன்றாவது வரியில்.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2021 பெப்ரவரியில் கிழக்கில் பொத்துவில் தொடக்கம் வடக்கில் பொலிகண்டி வரை தமிழர் உரிமைகளுக்காக நடந்த பேரணியை நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்ததற்கு எதிரான குரலும் அதன் கோரிக்கைகளில் இருந்தது. முஸ்லிம் மக்களும் கூட நடந்தார்கள். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கும் அப்படித்தான். அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் தெற்கில் இருக்கிற ஒரு சூழலியலாளர். 2019 ஏப்ரலில் மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. நம்முடைய ஆள் யார் என்பதை ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் உண்மையான சோதனை ஊருக்குள்ளேயே இருந்தது. குளத்துக்கு மேற்கே இருக்கிற குடியிருப்பில் மாதர் சங்கத்தைப் பார்க்கப் போனோம். திண்ணையில் ஓலை பின்னிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி கையை நிறுத்தாமல் சொன்னார்: "அந்தக் கோயிலடிக் கிணற்றில் நாங்கள் வாளி போட முடியாது. யாராவது அள்ளி ஊற்றும் வரைக்கும் குடத்தோடு நிற்போம். இப்போது தண்ணீரைக் காப்பாற்ற எங்களைக் கூப்பிடுகிறீர்கள்." அவர் கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகக் குத்தியது. கூட வந்த நண்பன் "அது பழைய காலம் ஆச்சி" என்று தொடங்கினான். நான் அவன் காலை மிதித்தேன்.

ஆச்சியின் மகள் நேராக விஷயத்துக்கு வந்தார். சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தால் தங்கள் பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள், குளக்கட்டில் மரத்தடியில் வையுங்கள் என்றார். "பொருளாளர் எங்கள் பக்கத்தில் ஒருவர். கணக்குக் கொப்பி எங்கள் வீட்டில் இருக்கும். சம்மதமா?"

எங்கள் ஆறு பேருக்குள் அன்றிரவு பெரிய சண்டை. "ஆட்களைச் சேர்க்கப் போனோமா, சங்கத்தைக் கொடுக்கப் போனோமா?" என்று ஒருவன் கேட்டான். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவது நடக்காது என்று நான் சொன்னேன். அவன் இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு வந்தான், மண்வெட்டியோடு.

கொப்பி இப்போது அந்த அக்காவிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயருக்கு நேரே நூற்றைம்பது ரூபாய் கடன் என்று எழுதியிருக்கிறார், தேநீருக்குச் சீனி வாங்கிய கணக்கு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இந்த இடிபாட்டை அகற்றுகிறோம். கடற்றொழிலாளர் சங்கம் கயிறும் கூடையும் தருகிறது. அதற்கு முன்னே நான் அந்தக் கடனைக் கட்டிவிட வேண்டும்.