மாட்டுக்கு வீம்பு இல்லை

வணக்கம். காங்கயத்துக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரையில் நிற்கிறேன். விடிகாலை ஐந்தரை மணி. அப்பத்தா என்மேல் கோபமாக இருப்பதால் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. பால் கறப்பதை உங்களுக்குக் காட்டலாம் என்று புதிதாக வாங்கிய விளக்கைக் கொண்டுவந்து மாட்டின் முகத்துக்கு நேராகப் போட்டுவிட்டேன். மயிலை மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அதற்குப் பிறகு அப்பத்தா எவ்வளவு நீவியும் அரைச் சொம்பு தேறவில்லை. "பாலை எக்கிக்கொண்டது. இனி நீயே கறந்துகொள், கண்ணு" என்று எழுந்துவிட்டார்.

மடியைப் பாருங்கள், கனத்துத்தான் இருக்கிறது. பால் எங்கும் போகவில்லை. ஊரில் இதை மாட்டின் வீம்பு என்பார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மடி ஒரு வெறும் தோல்பை இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பைகளில்தான் பெரும்பகுதிப் பால் தேங்கி நிற்கிறது. ஒவ்வொரு பையையும் தசை போன்ற உயிரணுக்கள் வலையாகச் சுற்றியிருக்கின்றன. அந்த வலை நெருக்கினால்தான் பால் காம்புக்கு இறங்கும். கறக்கிற கை அதை நெருக்க முடியாது. அந்த உத்தரவு மாட்டின் மூளையிலிருந்து வர வேண்டும்.

கன்று முட்டி முட்டி ஊட்டும்போது காம்பின் நரம்புகள் வழியாக மூளைக்குச் சேதி போகிறது. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி, சேர்த்துவைத்திருக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. வலையை நெருக்கச் சொல்லும் உத்தரவு அதுதான். போகிற சேதி நரம்பில், வருகிற பதில் ரத்தத்தில். ரத்தம் கொம்படிக்கும் வாலுக்கும்கூடத்தான் ஓடுகிறது. ஆனால் அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கிற இடத்தில்தான் வேலை நடக்கும். இன்சுலினும் தைராக்சினும் இப்படித்தான் ரத்தத்தில் பயணம் போகின்றன. இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தூண்டிவிடுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அதற்கு மூலம்.

ஆக்ஸிடோசின் ஒன்பதே அமினோ அமிலங்கள் சேர்ந்த சின்னஞ்சிறு பொருள். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ இதை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார். 1955-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். எனக்கு வியப்பாக இருப்பது வேறு: பசுவுக்கும் பெண்ணுக்கும் அதே ஒன்பது, அதே வரிசை. என் அக்கா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தபோது, தொட்டிலில் குழந்தை அழுதாலே அவளுக்கு ரவிக்கை நனைந்துவிடும். இங்கே சொம்புச் சத்தம் கேட்டதும் மயிலைக்குப் பால் சுரப்பது அதே கதைதான்.

சரி, என் விளக்கு என்ன செய்தது? மாடு மிரண்டதும் மூளை ஆக்ஸிடோசினை விடத் தயங்குகிறது. கூடவே சிறுநீரகத்தின் தலையில் குல்லா போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலினை அவிழ்த்துவிடுகிறது. அது மடிக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வருகிற கொஞ்சநஞ்ச ஆக்ஸிடோசினும் மடிக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. புலி துரத்தும்போது கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிற்க முடியுமா? அந்தக் கணக்குத்தான். புலிக்குப் பதில் நான்.

ஆக்ஸிடோசின் ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் கறந்தாக வேண்டும். அதனால் பால் இறங்கிவிட்டால், செல்பேசி அடித்தாலும் அப்பத்தா எழமாட்டார். பாடம் படித்தல்ல, நாற்பது வருடக் கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டது.

சிலர் இதற்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக் கறக்கிறார்கள். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. தினமும் போட்டுப் பழக்கினால், மாட்டின் மடி தன் உடம்பில் ஊறும் ஆக்ஸிடோசினுக்குச் சரியாக இசையாமல் போய்விடும். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வருகிற மாட்டுக்கு எதற்கு ஊசி? நாட்டு மாடு கன்றைத் தேடும். கன்றை விட்டால் போதும்.

விளக்கை அணைத்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. இப்போது அப்பத்தா கன்றை அவிழ்த்துவிடுகிறார். பாருங்கள், எப்படி முட்டுகிறது! மயிலை திரும்பி அதை நக்குகிறது. காம்பு புடைத்துவிட்டது. சொம்பில் பால் விழுகிற சத்தம் கேட்கிறதா?

கையை ஆட்டுகிறார். வாயை மூடிக்கொண்டு வேலிக்கு அந்தப்புறம் போகச் சொல்கிறார். போகிறேன்.