ஆறு வண்டி, மூன்று குடும்பம்: ஆசரிப்புக்கூடாரப் பணியிலிருந்து சபைத் தலைவர்களுக்கு

[திரையில்: 6 கூண்டு வண்டிகள், 12 மாடுகள்]

வேதாகமத்தில் எண்ணாகமம் 7-ம் அதிகாரத்தில் ஒரு பங்கீடு நடக்கிறது. வனாந்தரப் பயணத்தில் பிரித்துச் சுமந்துபோகும் ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக்கூடாரத்தின் வேலைக்கென்று இஸ்ரவேலின் பிரபுக்கள் 6 கூண்டு வண்டிகளையும் 12 மாடுகளையும் கொண்டுவருகிறார்கள். கூடாரப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரமான லேவியரில் அதைச் சுமக்கிற குடும்பங்கள் மூன்று. குடும்பத்துக்கு இரண்டு வண்டி என்று கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மோசே அப்படிக் கொடுக்கவில்லை. கெர்சோனியருக்கு 2 வண்டி, 4 மாடு. மெராரியருக்கு 4 வண்டி, 8 மாடு. கோகாத்தியருக்கு ஒன்றுமில்லை.

சுமையைப் பாருங்கள். கெர்சோனியர் எடுத்துப்போவது மூடுதிரைகள், தொங்குதிரைகள், தோல் மூடிகள். மெராரியர் கையில் இருப்பது மரமும் உலோகமும்: 10 முழ உயரமுள்ள 48 பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், முளைகள், கயிறுகள். பலகைகளையும் தூண்களையும் நிறுத்தும் வெள்ளிப் பாதங்கள் 100; ஒவ்வொன்றும் ஒரு தாலந்து. தாலந்தை ஏறக்குறைய 34 கிலோ என்று கொண்டால் பாதங்கள் மட்டுமே மூன்று டன்னைத் தாண்டும். ஆட்களும் அங்கேதான் அதிகம். 30 முதல் 50 வயதுவரை உள்ளவர்களில் மெராரியர் 3,200, கோகாத்தியர் 2,750, கெர்சோனியர் 2,630.

சபை வரவுசெலவில் எல்லாக் குழுவுக்கும் ஒரே தொகை ஒதுக்கினால் கூட்டத்தில் சண்டை வராது. ஆனால் வாராவாரம் பாடம், தாள், பலகாரம் தேடுகிற ஞாயிறு பள்ளிக்கும், வருஷத்தில் ஒருமுறை கூடுகிற குழுவுக்கும் ஒரே தொகை என்றால், ஆசிரியர்கள் கைப்பணத்தைப் போடுவார்கள். கொஞ்ச காலத்தில் ஓய்ந்தும்போவார்கள்.

[திரையில்: உடன்படிக்கைப் பெட்டி, தண்டுகள், துப்பட்டிகள்]

கோகாத்தியருக்கு வண்டி கிடைக்காததற்குக் காரணம், பரிசுத்த பொருட்களை அவர்கள் தோளில்தான் சுமக்க வேண்டும் என்பது. அதற்கு முன்னால் ஆசாரியர்கள் செய்யும் வேலை எண்ணாகமம் 4-ல் படிப்படியாக இருக்கிறது. பிரதான ஆசாரியனான ஆரோனும் அவன் குமாரரும் உள்ளே போய்த் திரையை இறக்கி, அதைக்கொண்டே உடன்படிக்கைப் பெட்டியை மூடுவார்கள். மேலே தகசு என்னும் மிருகத்தின் தோல், அதற்கும் மேல் முழு நீலத் துப்பட்டி. பிறகு, தூக்கிச் சுமப்பதற்கான தண்டுகள். தேவ சமுகத்தில் அப்பம் வைக்கும் மேஜையான சமுகத்தப்ப மேஜைக்கு நீலம், சிவப்பு, தோல் என்று மூன்று விரிப்பு. பலிபீடத்திலிருந்து சாம்பலை எடுத்துவிட்டு இரத்தாம்பரத் துப்பட்டி. எல்லாம் முடிந்த பிறகே கோகாத்தியர் வரலாம். தொட்டால் சாவார்கள், மூடும்போது பார்த்தாலும் சாவார்கள்.

அதே அதிகாரத்தின் 18, 19-ம் வசனங்களை நிதானமாகப் படியுங்கள். கோகாத்தியர் அழிந்துபோகாதபடி பார்ப்பது தலைவர்களின் கடமை. இன்னாருக்கு இன்ன சுமை என்று நியமிப்பதும் ஆரோனும் அவன் குமாரரும்தான். மூடாத சுமையைத் தொண்டர் தோளில் வைக்க இங்கே இடமே இல்லை. குடும்பப் பிரச்சினையோடு வருகிறவரை முன்னறிமுகமோ வழிகாட்டலோ இல்லாமல் 20 வயது வாலிபரிடம் அனுப்புவதும், காணிக்கை எண்ண ஒருவரைத் தனியாக உட்காரவைப்பதும் மூடாத சுமைதான். எண்ணுவதற்கு இரண்டு பேர், இருவரும் கையெழுத்திட ஒரு தாள்: அது தலைவர் முன்கூட்டியே விரிக்க வேண்டிய துப்பட்டி.

பிற்காலத்தில் தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தபோது என்ன தவறிற்று? 1 நாளாகமம் 13-ல் தலைவர்களிடம் ஆலோசனை கேட்டான், சபையார் எல்லாரும் சம்மதித்தார்கள். இசைக்கும் குறைவில்லை. ஆனால் பெட்டி ஏறியது புது வண்டியில். முன்பு பெலிஸ்தர் அனுப்பிய முறை அது. மாடு இடறியது, ஊசா கையை நீட்டினான், செத்தான். மூன்று மாதம் கழித்து, 15-ம் அதிகாரத்தில், தேவனை முறைப்படி தேடாமற்போனோம் என்று தாவீதே சொல்கிறான். லேவியர் தண்டுகளால் தோளில் சுமக்கிறார்கள். கமிட்டியின் ஏகமனத் தீர்மானம் இருந்தும் முறை தவறியதைக் கவனியுங்கள்.

பயண வரிசையும் எண்ணாகமம் 10-ல் இருக்கிறது. யூதாவின் பாளயத்துக்குப் பின் கெர்சோனியரும் மெராரியரும் கிளம்புவார்கள். ரூபனின் பாளயத்துக்குப் பின்புதான் கோகாத்தியர். இவர்கள் வந்துசேரும்போது கூடாரம் நிறுத்தப்பட்டிருக்கும். புது இடத்தில் ஆராதனை தொடங்குகிறவர்கள் போதகரை நியமித்து, அறிவிப்பும் கொடுத்துவிட்டு, பிறகு வாடகை ஒப்பந்தத்தையும் மின் இணைப்பையும் தேடுவது இந்த வரிசைக்கு நேர் எதிர்.

[திரையில்: முளை, கயிறு]

மெராரியரின் சாமான்களைப் பேர்பேராக எண்ணி ஒப்புவிக்கச் சொல்லியிருக்கிறது. முளையும் கயிறும் உள்ள குடும்பத்துக்கு இது அவசியம்; சின்னப் பொருள்தான் முதலில் காணாமற்போகும். அவர்களுக்கு மேல் விசாரிப்பவன் ஆரோனின் குமாரன் இத்தாமார் என்றும் எழுதியிருக்கிறது. மைக், கேபிள், திருவிருந்துப் பாத்திரம், பீரோ சாவி ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பேர், அவருக்கு மேலே ஒரு பேர் இருக்கட்டும். பொறுப்பு மாறும் நாளில் பழையவரும் புதியவரும் சேர்ந்து எண்ணட்டும்.

50 வயதில் லேவியன் சுமக்கிற வேலையை விடுகிறான். ஆனால் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. சகோதரரோடு காவல் காக்கிறான். மூத்தவர்களை ஒன்று சாகும்வரை பதவியில் வைப்பதும், இல்லையென்றால் ஒரே நாளில் ஓரங்கட்டுவதும் நம் சபைகளில் பார்க்கிற வேதனை.

இந்த வயதுக் கணக்கும் பிறகு மாறுகிறது. 1 நாளாகமம் 23-ல், வாசஸ்தலத்தை, அதாவது ஆசரிப்புக்கூடாரத்தை, இனிச் சுமக்கத் தேவையில்லை என்று தாவீது சொல்ல, லேவியர் 20 வயதுமுதல் எண்ணப்படுகிறார்கள். சொந்தக் கட்டடம் வந்த பிறகும் வாடகை மண்டபக் காலத்துப் பொறுப்புப் பட்டியலே உங்கள் சபையில் ஓடுகிறதென்றால், அடுத்த மூப்பர் கூட்டத்தில் அதை மேஜையில் வைத்து, சுமக்க ஒன்றுமில்லாத பொறுப்புகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.