ஆஸ்டர்லிட்ஸ் ஏரியில ஆயிரக்கணக்கான பேர் மூழ்கினாங்களா? மார்போ சொல்றதை நம்பலாமா?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கார்: "நெப்போலியன் படையில அதிகாரியா இருந்த மார்போ, 1805 ஆஸ்டர்லிட்ஸ் போர்ல உறைஞ்ச ஏரி மேல தப்பி ஓடின ரஷ்யர்களைப் பார்த்துப் பீரங்கி சுட்டதாகவும், பனி உடைஞ்சு ஆயிரக்கணக்கான பேர் மூழ்கினதாகவும் தன் நினைவுக் குறிப்புல எழுதறார். இது நிஜமா?"

எனக்குப் பிடிச்ச கேள்வி. ஏன்னா இதுக்கு சாட்சி அந்தத் தண்ணிக்குள்ளயே கிடந்தது.

தொடர்ந்து பார்க்கறவங்களுக்கு நான் சொல்லப்போறது தெரியும். "புத்தகம் உண்மையா, பொய்யா"ன்னு மொத்தமா கேட்காதீங்க. ஒவ்வொரு சம்பவத்தையும் தனியா எடுத்து, இது நடந்திருந்தா எங்க, என்ன தடயம் மிச்சம் இருக்கணும்னு கேளுங்க. அஞ்சாயிரம் பேர் மூழ்கியிருந்தா அஞ்சாயிரம் உடல் இருக்கணும், இல்லையா?

மார்போ சொல்ற அந்த ஏரிக்கு சாட்சான் ஏரின்னு பேர்தான் பெருசு. அது மீன் வளர்க்கிற குளம், ஆழம் கம்மி. போர் முடிஞ்சதும் தண்ணியை வடிச்சுப் பார்த்தாங்க. முப்பதுக்கு மேல பீரங்கி, நூத்துக்கு மேல செத்த குதிரைங்க கிடைச்சுது. மனுஷ உடல்? விரல் விட்டு எண்ணிடலாம். அப்போ பனி உடைஞ்சது நிஜம். கனமான பீரங்கியும் அதை இழுத்த குதிரையும் உள்ள போச்சு. ஆளுங்க பெரும்பாலும் நனைஞ்சு, நடுங்கிக் கரையேறிட்டாங்க. சம்பவம் சரி, எண்ணிக்கைதான் தப்பு.

அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? போர் முடிஞ்ச கையோட நெப்போலியன் வெளியிட்ட 30-வது படை அறிக்கை, ஏரியில 20,000 பேர் மூழ்கினதா சொல்லுது. பிரான்ஸ் முழுக்கப் படிச்ச அறிக்கை அது. மார்போ தன் பிள்ளைங்களுக்காக எழுதினது பல வருஷம் கழிச்சு. 1854-ல அவர் இறந்து, 1891-லதான் அது அச்சாச்சு. இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. அறிக்கையும் சொல்லுது, மார்போவும் சொல்றார், ஆக ரெண்டு சாட்சின்னு கணக்குப் போடறாங்க. அறிக்கையைப் படிச்சவர் அதையே திரும்பச் சொன்னா அது ஒரே சாட்சிதான். அதனால நினைவுக் குறிப்பை எடுத்தா முதல்ல அந்தக் காலத்து அறிக்கையைப் பக்கத்துல வெச்சுப் படிங்க. ரெண்டும் ஒத்துப்போற இடத்தைவிட, முரண்படற இடத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

இன்னொண்ணு. நெப்போலியன் தன் உயில்ல மார்போவுக்கு 1,00,000 பிராங்க் எழுதி வெச்சார், பிரெஞ்சுப் படைகளோட புகழைக் காக்கத் தொடர்ந்து எழுதணும்னு சொல்லி! அதுக்காக அவர் பொய்யர்னு ஆகிடாது. ஆனா தராசு எந்தப் பக்கம் சாயும்னு தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

அதே முறையை 1807 ஐலாவ் போருக்கும் போடுங்க. சுத்தி வளைக்கப்பட்ட 14-வது காலாட்படை ரெஜிமெண்டுக்கு உத்தரவு கொண்டுபோனேன், பீரங்கிக் குண்டு தொப்பியைத் துளைச்சுது, என் குதிரை லிசெட் ஒரு ரஷ்யனோட முகத்தையே கடிச்சுப் பிய்ச்சுதுன்னு எழுதறார். அந்த ரெஜிமெண்ட் அன்னிக்கு அழிஞ்சதா? மார்தினியாங்னு ஒருத்தர் பிற்காலத்துல தொகுத்த பிரெஞ்சு ராணுவப் பட்டியல்ல செத்த, காயம்பட்ட அதிகாரிகளோட பேர் ரெஜிமெண்ட் வாரியா, போர் வாரியா இருக்கு. அதைப் பார்த்தா தெரிஞ்சிடும், அழிஞ்சது உண்மை. மார்போவோட பணி விவரத்துக்கு, பாரிஸ் பக்கத்துல இருக்கற வான்சென் ராணுவ ஆவணக் காப்பகத்துல தேடணும். குதிரை கடிச்சதை எந்த குமாஸ்தாவும் பதிவு பண்ணியிருக்க மாட்டான். அதை "சரிபார்க்க முடியாது"ங்கற கணக்குல வைங்க, "பொய்"ங்கறதுல வேண்டாம்.

ஆனா நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. மார்போ அப்போ தளபதி ஒஜேரோவோட உதவி அதிகாரி. ஒஜேரோவோட 7-வது படைப்பிரிவு ஆஸ்டர்லிட்ஸ்ல இல்லவே இல்ல. இவர் மட்டும் எப்படி அங்க? பிடிபட்ட ஆஸ்திரியக் கொடிகளைப் பேரரசர்கிட்ட ஒப்படைக்க, ஆஸ்டர்லிட்ஸ் பக்கத்துல இருக்கற ப்ரூன் நகரத்துக்கு வந்தேன், அங்கயே தங்கிட்டேன்னு சொல்றார். பிரஷ்யத் தூதர் ஹவுக்விட்ஸ் முன்னாடி அந்தக் கொடிகளை ரெண்டாவது தடவை புதுசா வந்த மாதிரி ஒப்படைக்க வெச்சாங்கன்னும் ஒரு கதை.

தேதியைப் பார்ப்போம். அந்தக் கொடிகளை இழந்த ஆஸ்திரியர்கள், மேற்கு ஆஸ்திரியாவுல இருக்கற டோர்ன்பிர்ன்ல ஒஜேரோகிட்ட சரணடைஞ்சது நவம்பர் நடுவுல. ஹவுக்விட்ஸ் ப்ரூன்ல நெப்போலியனைச் சந்திச்சது நவம்பர் 28. நடுவுல நேர்கோட்டுலயே 500 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டு வாரத்துல தபால் குதிரை மாத்தி மாத்திப் போறவங்களுக்கு அது தாராளமா போதும். அதனால தேதியை வெச்சு அவரை மடக்க முடியாது. அந்தக் கொடி நாடகம் நடந்ததான்னு பார்க்கணும்னா, பிரெஞ்சுப் பக்கம் தேடிப் பிரயோஜனமில்ல. ஹவுக்விட்ஸ் தன் அரசருக்கு என்ன எழுதினார்னு தேடுங்க.