ஒப்புக்கொண்டவன் அப்பீல் போகலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக மண்டையைக் குடைந்த கேள்வி. தம்பி ஒரு வீட்டுக்குள் புகுந்து செல்போன் எடுத்துவிட்டான். மாஜிஸ்திரேட் கேட்டதும், 'ஆமாம் ஐயா, செய்தேன்' என்று ஒப்புக்கொண்டான். 2 வருஷம் தண்டனை. இப்போது புழல் சிறையில் இருக்கிறான். 'ஒப்புக்கொண்டவனுக்கு அப்பீலே கிடையாதாமே? மீறிப் போனால் தண்டனையைக் கூட்டிவிடுவார்களாமே?'

பழைய நேயர்களுக்கு என் பல்லவி தெரியும். குற்றம் வேறு, தண்டனை வேறு. காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கப் போகிறீர்கள். 'இந்த மீன்தான் வேண்டும்' என்று சொல்லிவிட்டால், அந்தம்மா சொன்ன விலைக்கும் தலையாட்டியதாகிவிடுமா? பேரம் இனிமேல்தானே ஆரம்பம்! இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் 416-ஆம் பிரிவு, பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 375, இதைத்தான் சொல்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புக்கொண்டவன், 'நான் செய்யவில்லை' என்று அப்பீல் போக முடியாது. 'தண்டனை அதிகம்', 'தண்டனை சட்டப்படி இல்லை' என்று தாராளமாகப் போகலாம்.

கூட்டிவிடுவார்கள் என்கிற பயமும் வேண்டாம். தம்பி போட்ட அப்பீலில் தண்டனையைக் குறைக்கலாம், அப்படியே விடலாம், கூட்டக் கூடாது. கூட்ட வேண்டுமென்றால் அரசுத் தரப்பு தனியாக அப்பீல் போட வேண்டும். அப்போதும் தம்பி தரப்பைக் கேட்காமல் கூட்ட முடியாது.

அப்பீலுக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக, தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். தாண்டிவிட்டால் தாமத மன்னிப்பு மனு. கூடவே தண்டனை நிறுத்திவைப்பு மனுவும் போடுங்கள். இல்லாவிட்டால் அப்பீல் முடிவதற்குள் 2 வருஷமும் ஓடிவிடும்! வக்கீலுக்குக் காசில்லை என்றால் ஜெயில் வழியாகவே அப்பீல் அனுப்பலாம். சிறையில் இருப்பவனுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100-க்குப் போன் பண்ணுங்கள். தீர்ப்புக்கு முன்னால் ரிமாண்டில் இருந்த நாளெல்லாம் கழியும், அதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அக்கா, நீங்கள் வேறொன்று கேட்டிருக்க வேண்டும். தண்டனை சொல்வதற்கு முன்னால் தம்பிக்காக யார், என்ன பேசினார்கள்? ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் ஒரு வழக்கு, பல வருஷத்துக்கு முன்னால். விசாரணை முடிந்து பையன் குற்றவாளி என்றாகிவிட்டது. 'தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று கேட்டார் நீதிபதி. அவன் பக்கத்து வக்கீல், 'குறைந்த தண்டனை வேண்டும் ஐயா' என்று ஒரு வரியோடு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பின்னால் அந்தப் பையனின் அம்மா. மடியில் மஞ்சப்பை. உள்ளே ஐடிஐ சான்றிதழ், அப்பாவின் டயாலிசிஸ் சீட்டு, முதலாளி கொடுத்த கடிதம். எதையும் யாரும் கேட்கவில்லை, அம்மாவுக்கும் எடுத்து நீட்டத் தெரியவில்லை. முதல் குற்றம், சின்ன வயசு. 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தில், ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

அதைத்தான் சொல்கிறேன், குற்றம் வேறு, தண்டனை வேறு. அன்றைக்குப் பேசாததை அப்பீலில் பேசலாம். தம்பிக்கும் அந்த மாதிரிக் காகிதங்கள் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள் அக்கா. தீர்ப்பு நகல் கையில் இருந்தால் முத்திரை போட்ட இடத்தைப் பாருங்கள், நகல் கேட்டு மனு கொடுத்த தேதியும் நகல் தயாரான தேதியும் இருக்கும். அந்த இடைப்பட்ட நாட்கள் அப்பீலுக்கான 30 நாளில் சேராது.