நின்ற பாதரசம்

அவையோருக்கு வணக்கம். இம்மேசையில் சிறு சுடரின் மேல் வைத்த குவளைக்குள் நொறுக்கிய பனிக்கட்டியும், அதில் செருகிய வெப்பமானியும் இருக்கின்றன. நான் கிளறக் கிளறப் பனிக்கட்டி உருகுகிறது. பாதரசமோ 0 பாகை செல்சியஸை விட்டு அசையவில்லை. அப்படியானால் சுடர் தரும் வெப்பம் எங்கே போகிறது?

இக்கேள்விக்கு 1760களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வேதியியலறிஞர் ஜோசப் பிளாக் தேடிய விடையை எண்ணும்போதெல்லாம் வியந்து நிற்கிறேன். ஒரே மாதிரியான இரு குடுவைகளில் ஒன்றில் பனிக்கட்டியும் மற்றதில் ஏறத்தாழ உறைநிலையிலிருந்த நீரும் சம அளவில் எடுத்து, ஒரே கூடத்தில் வைத்தார். நீர் அரை மணி நேரத்தில் 7 ஃபாரன்ஹீட் பாகை ஏறியது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலையை எட்டப் பத்தரை மணி நேரம், அதாவது 21 மடங்கு காலம் பிடித்தது. அவ்வளவு நேரமும் கூடத்துக் காற்றிலிருந்து உள்ளே சென்ற வெப்பத்தின் பெரும்பகுதி வெப்பமானிக்குத் தென்படவே இல்லை. அதையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். இத்தனை பொருத்தமாக அமைந்த கலைச்சொற்கள் சிலவே.

அது செய்யும் வேலை இதுதான்: பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகளை ஒழுங்காகக் கட்டி வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. மூலக்கூறுகளின் வேகம் கூடினால்தான் வெப்பநிலை ஏறும். இங்கே வெப்பம் முழுவதும் கட்டை அவிழ்ப்பதற்கே செலவாகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். அதைக் கொண்டு அதே அளவு நீரை 0 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேற்றிவிடலாம்.

இதோ, கடைசித் துணுக்கும் கரைந்தது, பாதரசம் ஏறுகிறது. இனி 100 பாகையில்தான் நிற்கும். அதுவும் கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் மட்டுமே. எவரெஸ்ட் உச்சியில் ஏறத்தாழ 70 பாகையிலேயே நீர் கொதித்துவிடும். கொதிக்கத் தொடங்கியபின் சுடரை எவ்வளவு தூண்டினாலும் நீர் விரைவாக ஆவியாகுமே தவிர, மேலும் சூடாகாது. மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று முற்றிலும் பிரிக்க வேண்டியிருப்பதால், இங்கே கிராமுக்கு 2257 ஜூல் செலவாகிறது. 0 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற ஆவதைப்போல் இது ஐந்து மடங்குக்கும் அதிகம்.

அந்த வெப்பம் அழிந்துபோவதில்லை என்பதை அனைவரும் மனத்தில் இருத்த வேண்டும். நீராவி தோலில் பட்டு நீராக மாறும்போது கிராமுக்கு அந்த 2257 ஜூலையும் அங்கேயே இறக்கிவைக்கிறது. அதன் பிறகும் அது 100 பாகை வெந்நீராகவே தோலின் மேல் நிற்கிறது.